பரப்பியதில் ஏற்றலாம், குவித்ததில் கூடாது

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அடக்கத்தினால் சொல்லவில்லை. போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போடச் சொன்னார்கள். நான் போட்டதைப் பார்த்த ஆய்வாளர், இது எந்த ஊர் எட்டு என்று கேட்டார். அன்றிலிருந்து பின்னிருக்கையில் அமர்ந்து ஆலோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன். சென்ற வருடம் கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓட்டுநரே இல்லாத ஒரு காரில் அவள் என்னை ஏற்றிவிட்டாள். ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் நான் பயணம் செய்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. யாருமே இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றது. ஒரு நாய் சாலையைக் கடப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது; அது முடிவுக்கு வரும்வரை கார் காத்திருந்தது. சென்னையில் அறுபது வயதுக்காரர் சாலையைக் கடக்கும்போதுகூட இப்படியொரு பொறுமையை நான் பார்த்ததில்லை. இறங்கும்போது, பழக்கதோஷம், காலி இருக்கையைப் பார்த்து "வரேன்பா" என்றேன். மகள் அதைப் படம் பிடித்து உறவினர் குழுவில் போட்டுவிட்டாள். இன்றும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் சிலர் "வரேன்பா" என்கிறார்கள்.

இந்த வருடம் மாசி மாதத்தில் அவளே கூப்பிட்டாள். அந்தக் காரைச் செய்கிற அவளுடைய கம்பெனியிலிருந்து பென் என்ற பொறியாளர் தேனிக்கு வருகிறாராம். மூன்று நாள் கூட இருந்து மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். "உனக்குத்தான் நேரம் இருக்கேப்பா" என்றாள். எனக்கு நேரம் இருப்பதை என் குடும்பம் ஒரு தகுதியாகக் கருதுகிறது.

ஓட்டுநர் இல்லாத காருக்குத் தேனியில் என்ன வேலை என்று கேட்டேன். விளக்கினாள். கார் கண்ணால் பார்க்கிறதே தவிர, பார்ப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. இது மனிதன், இது மரம், இது நாய், இங்கே போகலாம், இங்கே நிற்க வேண்டும் என்று யாராவது ஆயிரக்கணக்கான படங்களில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அப்படிக் கோடு போடுகிற நாற்பது பேர் ஜெயமங்கலத்தில் இருக்கிறார்கள். நான் பயந்துகொண்டே ஏறிய அந்தக் காரை வளர்த்து ஆளாக்கியது பெரியகுளத்துப் பக்கத்து மனிதர்கள் என்றால், நான் அங்கே போகாமல் இருப்பது மரியாதையில்லை.

முதல் நாள் மதுரையில் பென்னைச் சந்தித்தேன். நல்ல உயரம். வாடகைக் காரின் முன்னிருக்கையில் அவர் உட்கார்ந்ததும் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஓட்டுநர் சுருளியாண்டி கம்பத்துக்காரர். வந்தவர் யார், என்ன கம்பெனி என்று உசிலம்பட்டி வருவதற்குள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணவாய் ஏறி மலை தெரிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆளில்லாம ஓடுற வண்டி, டீ குடிக்க எங்கன நிக்கும்?"

மொழிபெயர்த்தேன். பென் நியாயமான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். நிற்காது என்றார்.

"அப்ப அது என்னத்தப் பாக்கும் ஊர?" என்றார் சுருளியாண்டி. அடுத்த டீக்கடையில் நிறுத்தி, தன் வண்டி எப்படிப்பட்டது என்று காட்டினார். பென் பருத்திப்பால் குடித்தார். பருத்தியைக் குடிக்க முடியும் என்பதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜெயமங்கலத்தில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த இடம். கீழே யூரியா வாசனை. மேலே ஏறினால் குளிர்சாதனம், வரிசையாகத் திரைகள், திரைக்கு ஒரு பெண். ஒவ்வொரு திரையிலும் அமெரிக்கத் தெரு. வெயில், பனி, மழை, மேப்பிள் மரங்கள். தலையில் கனகாம்பரம் வைத்த ஒரு பெண், வெளிநாட்டுக் குழந்தை ஒன்றின் மூன்று சக்கர சைக்கிளைச் சுற்றித் துல்லியமாகக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். என் உயிர் எவ்வளவு கெட்டியான கையில் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லோரையும் கும்பிட வேண்டும் போல இருந்தது. மொழிபெயர்ப்பாளனுக்கு அது அழகல்ல என்று அடக்கிக்கொண்டேன்.

மேலாளர் எங்களை முதலில் மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார். கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஊருக்கு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கொடுத்திருந்தது. கருங்கல்லில் கம்பெனியின் பெயரைப் பெரிதாகவும், திறந்து வைத்தவர் என்று பென் பெயரைச் சிறிதாகவும் ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் திறப்பு விழா. பென் வந்த காரியம் அதுவல்ல. அதை மேலாளருக்குச் சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அவர் வந்த காரியம் சகாயமேரி.

சகாயமேரிக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். நூற்பாலையில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் முற்றி, இங்கே வந்தவர். இருப்பவர்களிலேயே கைத்திறன் மிகுந்தவர் என்று மேலாளரே சொன்னார். ஆனால் அவர் கோடு போட்ட பதினோரு படங்களைத் தவறு என்று மேலிடம் திருப்பி அனுப்பியிருந்தது. அத்தனை தவறு சேர்ந்தால் கணினி தானாகவே கதவைச் சாத்திவிடுமாம். மூன்று வாரமாக அவருடைய திரை இருட்டு. பென் பார்த்துவிட்டுத் தவறுதான் என்று உறுதி செய்தால் வேலை போய்விடும்; திரும்ப மில்லுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவர் தினமும் வந்துகொண்டிருந்தார். இருண்ட திரைக்கு முன்னால், சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எடத்த விட்டா எடம் போயிரும் சார்" என்றார் என்னிடம். "தப்புன்னு போட்டிருக்காக. என்ன தப்புன்னு போடல. யாருகிட்ட கேக்கணும்னும் போடல."

பென் தன் கணினியில் அந்தப் படங்களைத் திறந்தார். எல்லாமே இலையுதிர் காலத் தெருக்கள். சிலவற்றில் காய்ந்த இலை சாலை முழுக்க மெல்லிசாகப் பரவிக் கிடந்தது. விதிப்புத்தகப்படி அதைத் 'தவிர்க்கவும்' என்று குறிக்க வேண்டும். சகாயமேரி 'போகலாம்' என்று குறித்திருந்தார். வேறு சிலவற்றில் இலையைக் கூட்டிச் சாலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். விதிப்படி அது வெறும் தழை, அதற்காக வண்டி யோசிக்க வேண்டியதில்லை. சகாயமேரி 'ஆள் இருக்கலாம், நிதானி' என்று குறித்திருந்தார். படத்தில் ஆளே இல்லை.

ஏன் என்று பென் கேட்டார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பரப்புனது வேற, குமிச்சது வேறல்ல சார்?" என்றார் சகாயமேரி. இதைக் கூடவா விளக்க வேண்டும் என்று அவர் முகம் சொன்னது.

பரப்பியதும் குவித்ததும் வேறு வேறு என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் கும்பகோணத்தில் பிறந்து சென்னையில் வெயில் படாமல் வளர்ந்தவன். அவர் சொன்னது எனக்கே புரியவில்லை. பென் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, 'சீராக இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினார். சகாயமேரிக்கு அந்த ஆங்கிலம் படிக்கத் தெரியும். படித்தார். தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குப் புரோட்டா இறங்கவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, வேலையில்லை. மலை அடிவாரத்துச் சாலைகளைப் பார்க்க வேண்டும் என்றார் பென். சாலை என்றால் அவருக்குக் கோயில் மாதிரி. சுருளியாண்டி ஆண்டிபட்டி வழியாக மயிலாடும்பாறைப் பக்கம் வண்டியை விட்டார். பென் வழியில் கண்டதையெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தார்: எதிர்த்திசையில் வந்த டிராக்டர், சாலை நடுவில் நின்று போன் பேசிய ஒருவர், ஸ்கூட்டரில் ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டிக்குத் தொப்பி. எங்கள் கார் இங்கே வந்தால் முதல் மைலிலேயே நின்று அழுதுவிடும் என்றார். தன் கம்பெனியைப் பற்றி இப்படிப் பேசுகிற ஊழியரை நம் பக்கம் நான் பார்த்ததில்லை.

கடமலைக்குண்டு தாண்டியிருப்போம். திடீரென்று சாலை பழுப்பாக மாறியது. பறித்த கொள்ளுச் செடியை முழு அகலத்துக்கும் பரப்பிப் போட்டிருந்தார்கள். சுருளியாண்டி வேகத்தைக் குறைக்கவேயில்லை. பென் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று கத்தினார். வண்டி சரசரவென்று ஏறிப் போய், அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது.

"எதுக்குக் கத்துறாக?" என்றார் சுருளியாண்டி. "நம்ம ஏத்தணும்னுதான போட்டிருக்காக. நாலு வண்டி ஏறுனாத்தான் நெத்து ஒடஞ்சு கொள்ளு உதிரும். ஒதுங்கிப் போனா கோவிச்சுக்குவாக."

விவசாயி ஒருவருடைய விளைச்சல் மேல் தெரிந்தே கார் ஏற்றுவதும், அதற்கு அவர் நன்றி சொல்வதும் பென்னுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. இறங்கிப் படமெடுத்தார். குனிந்து ஒரு நெத்தை, அதாவது காய்ந்த காயை, எடுத்துத் திறந்து பார்த்தார். இது சட்டப்படி சரியா என்று கேட்டார். சுருளியாண்டி மறைக்கவில்லை. போடக் கூடாது என்றுதான் போலீஸ் சொல்கிறது, இரு சக்கர வண்டிக்கு வழுக்கும், களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள் என்றார்.

மறுபடி கிளம்பினோம். அடுத்த வளைவில், இன்னும் அடிக்காத செடியை ஆள் உயரத்துக்குச் சாலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். இப்போது சுருளியாண்டி வண்டியை ஊர்ந்துபோகவிட்டார். ஹாரனை இரண்டு முறை அடித்தார். எதிர்ப்பக்கம் நன்றாக ஒதுங்கினார். பரந்து கிடந்ததில் பறந்தவர், ஓரத்தில் கிடக்கும் ஒரு குவியலுக்கு ஏன் பயப்படுகிறார் என்று பென் கேட்டார்.

"பரப்புனதுல ஏத்தலாம் சார், குமிச்சதுல ஏத்தக் கூடாது" என்றார் சுருளியாண்டி. "குமிச்சதுக்குப் பின்னால ஆளு இருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. சும்மாடு கட்டிய ஒரு அம்மாள், கையில் சோற்றுத் தூக்கு. நிழலுக்கு அந்தக் குவியல்தான் அங்கே இருந்த ஒரே சுவர்.

"ஏம்ப்பா, ஆரன அடிச்சு ஒரு வாய்ச் சோத்தத் திங்க விட மாட்டியா?" என்றார். பிறகு முன்னிருக்கையில் மடங்கிக் கிடந்த பென்னைப் பார்த்தார். "வந்ததுதான் வந்தாக, அந்தப் பக்கம் போட்டிருக்கதுல ரெண்டு தரம் ஏத்திட்டுப் போகச் சொல்லு. புண்ணியமாப் போகும்."

சுருளியாண்டி பின்னால் எடுத்து, போய், வந்து, மறுபடி போனார். உலகத்துப் பெரிய தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி கொள்ளு அடித்துக் கொடுத்தார் என்று வரலாற்றில் எழுதலாம். ஆனால் பென் அதை ரசிக்கிற நிலையில் இல்லை. குவியல் இருந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் இலை போட்டார்கள். பென் ரசத்தை ஒரு கை குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, எதில் செய்தது என்று கேட்டார். கொள்ளு என்றேன். காலையில் நாம் ஏறி வந்ததா என்றார். அதன் அண்ணன் தம்பியாக இருக்கலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை இலை மேலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

அவர் பிறந்த ஊரில் இலையுதிர் காலத்தில் எல்லா வீட்டிலும் இலையைக் கூட்டித் தெருவோரம் குவிப்பார்களாம். அவரும் அண்ணனும் அந்தக் குவியலுக்குள் ஒளிந்து விளையாடுவார்களாம். ஒரு நாள் அவர் உள்ளே இருந்தபோது பக்கத்து வீட்டுக் கார் அந்தக் குவியல் பக்கம் திரும்பியிருக்கிறது. அம்மா கூச்சல் போட்டார். சக்கரம் ஒரு கை தூரத்தில் நின்றது. அம்மா அவரை இலைக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்து, அடித்து, பிறகு நெடுநேரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை மறந்தே போயிருந்தேன்" என்றார். "ஓரத்தில் குவிந்த இலை வெறும் தழை என்ற அந்த விதி இருக்கிறதல்லவா? அதை எழுதியது நான்தான்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. சுருளியாண்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துப் பென்னின் இலையில் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை. நாற்பது பேரும் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். பென் வாசலில் நின்றுகொண்டு பேசினார். நிலைக்கதவை விட உயரமாக இருந்ததால் கொஞ்சம் குனிந்தே பேசினார். மன்னிப்புக் கேட்க அது வசதியாகவும் இருந்தது. பதினோரு படங்களிலும் சகாயமேரி போட்ட கோடு சரி, புத்தகம்தான் தவறு, அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான் என்றார். மெல்லிசாகப் பரவியதற்கு ஒன்று, குவித்ததற்கு ஒன்று என்று இரண்டு புது விதிகளை எழுதி அனுப்பிவிட்டதாகவும், மேலிடம் காலையில் சம்மதம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். மேலாளர் எதையோ அழுத்தினார். சகாயமேரியின் திரையில் வெளிச்சம் வந்தது. அவர் முதலில் செய்த காரியம், மடியிலிருந்த தூக்கைக் கீழே வைத்ததுதான்.

நிறுவனங்களைப் பாராட்டி எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்பெனிக்கு இருக்கிற செல்வத்தில் பதினோரு படத்துக்காக ஒரு பொறியாளரை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டிய அவசியமில்லை. வேறு ஊரில் வேறு நாற்பது பேரைப் பிடித்திருக்கலாம். அனுப்பினார்கள். வந்தவரும் தன் தவறைத் தன் வாயால், அதுவும் நாற்பது பேருக்கு முன்னால் சொன்னார். நான் பார்த்த அலுவலகங்களில் தவறு எப்போதும் பணி மாறுதலில் போனவருடையதாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு பென் ஒரு காரியம் செய்தார். நேராக சகாயமேரியிடமே கேட்டார். கம்பெனி இந்த ஊருக்கு இன்னும் என்ன செய்யலாம்? மேலாளர் ஆவலோடு படிக்கட்டுப் பக்கம், அதாவது கருங்கல்லின் பக்கம், பார்த்தார்.

"தண்ணி குடுத்திருக்கீக, நல்லதுதான்" என்றார் சகாயமேரி. "பக்கத்துலயே அணைக்கட்ட வச்சிருக்கோம், இருந்தாலும் நல்லதுதான். ஆனா தப்புன்னு போட்டா, ஏன் தப்புன்னு நாங்க கேக்க ஒரு ஆளு வேணும் சார். கம்ப்யூட்டரு வேணாம். ஆளு."

இந்தத் தடவை நான் எதையும் நளினப்படுத்தவில்லை. இருந்தது இருந்தபடி ஆங்கிலத்தில் வைத்தேன். பணக்காரக் கம்பெனிக்குத் தொட்டி கொடுப்பது சுலபம். பதில் சொல்ல ஒருவரை உட்கார வைப்பதற்குத்தான் மனசு வேண்டும். பென் குறிப்பேட்டை எடுத்தார், எதுவும் எழுதாமல் மூடினார். ஆள் கிடைக்கும்வரை நானே உட்காருகிறேன் என்றார். வாரம் ஒரு நாள், அவருக்குத் திங்கள் மாலை, இவர்களுக்குச் செவ்வாய் காலை. திரையில் முகத்தைக் காட்டிக்கொண்டு.

"பாத்துக்கிருவோம்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. பென் என்னைப் பார்த்தார். வரவேற்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

பிறகு கீழே போய்க் குடிநீர் நிலையத்தைத் திறந்தோம். கம்பெனியின் பெயருக்குக் கீழே தன் பெயர் கருங்கல்லில் இருப்பதை மறுபடி பார்த்துப் பென்னுக்குக் காது வரை சிவந்துவிட்டது. தண்ணீர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பென் அவ்வப்போது எழுதுகிறார். செவ்வாய்க்கிழமைகள் தவறாமல் நடக்கின்றனவாம். மேலாளர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறாராம். முதல் வாரம் சகாயமேரி ஏழு குறைகளைக் கொண்டுவந்தார். ஐந்தில் அவர் சொன்னதே சரி என்று பென் ஒப்புக்கொண்டார். ஒன்றில் சகாயமேரி விட்டுக்கொடுத்தார். மிச்சம் ஒன்று மட்டும் வாரா வாரம் இழுத்துக்கொண்டே போகிறது, நீங்கள்தான் உதவ வேண்டும் என்று சென்ற வாரம் எனக்குக் கடிதம் வந்தது.

விஷயம் இதுதான். படங்களில் எதிரே வருகிற ஒவ்வொரு காருக்கும் ஓட்டுநர் உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டுமாம். பென்னின் கம்பெனிக் கார் எதிரே வந்தால் 'இல்லை' என்று போட வேண்டும். அதில்தான் யாருமே கிடையாதே. சகாயமேரி ஒவ்வொரு தடவையும் 'உண்டு' என்று போடுகிறார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னதை, ஒலி பிசகாமல் ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார் பென். நான் உரக்கப் படித்துப் பார்த்தேன்.

"இங்கன நாப்பது பேரு உக்காந்திருக்கோம்ல. பெறகு எப்படி இல்லன்னு போட?"

மொழிபெயர்த்து அனுப்ப எனக்கு ஒரு நாள் பிடித்தது. அதற்குப் பென் இன்னும் பதில் எழுதவில்லை. யோசிக்கிறார் என்று மகள் சொன்னாள். நான் காலி இருக்கையிடம் 'வரேன்பா' என்று சொன்ன அந்தப் படத்தை உறவினர் குழுவிலிருந்து நீக்கச் சொல்லி அவளிடம் ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.